வீடு வாங்குறீங்களா? பத்திரத்தோட சேர்த்து டிரைனேஜ் லைனையும் பாருங்க!

பழைய வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். தாய்ப்பத்திரம், பட்டா, அப்ரூவல் பிளான் எல்லாத்தையும் வக்கீல்கிட்ட கொடுத்து ஒப்பீனியன் வாங்குறோம். பேங்க் அனுப்புற வேல்யூவர் வந்து அளந்துட்டுப் போறார். இத்தனை பேர் பார்த்தாச்சு, இனி என்ன பயம்னு அட்வான்ஸ் கொடுத்துடுறோம்.

ஆனால் இவங்க யாருமே தரைக்கு அடியில ஓடுற கழிவுநீர்க் குழாயைப் பார்க்கிறதில்லை. அது அவங்க வேலையும் இல்லை. வக்கீல் பார்ப்பது உரிமையை. வேல்யூவர் பார்ப்பது, கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. பாத்ரூம் தண்ணி ஒழுங்கா வெளியே போகுதாங்கிறது உங்க கவலை மட்டும்தான்.

கை காலியா இருக்கும்போது வர்ற செலவு

ஒரு கணக்கு போடுவோம். சென்னை புறநகர்ல 25 வருஷப் பழைய தனி வீடு, விலை 60 லட்சம். பேங்க் அதிகபட்சம் 80%, அதாவது 48 லட்சம் கடன் தரும். மீதி 12 லட்சம் உங்க கைக்காசு. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அது ஒரு 5.4 லட்சம். ஆக 17.4 லட்சம் உங்க சேமிப்பிலிருந்து போகுது. புரோக்கர் கமிஷன், பெயிண்டிங், வீடு மாத்துற செலவு தனி.

பதிவு முடிஞ்ச மாசம் உங்க எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்கும்? அந்த நேரத்துல, முதல் பெருமழைக்கே பாத்ரூம்ல தண்ணி எதிர்த்து வருதுன்னு வைங்க. டைல்ஸை உடைச்சு லைனை மாத்த, ஒரு பேச்சுக்கு, 1.5 லட்சம் ஆகுது. 14% பர்சனல் லோன்ல 3 வருஷத்துக்கு வாங்கினால் மாச இஎம்ஐ சுமார் 5,127 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 34,500. வீட்டுக் கடன் இஎம்ஐக்கு மேல இது.

வரியிலயும் பெரிசா ஆறுதல் இல்லை. நாமே குடியிருக்கிற வீட்டுக்கு ரிப்பேர் செலவைக் கழிக்க முடியாது. ரிப்பேருக்காக வாங்கிய கடனோட வட்டிக்கு பழைய வரி முறையில மட்டும் வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. அதுவும் 2 லட்சம் வட்டி வரம்புக்குள்ளேயே அடங்கும். புதிய வரி முறையில அதுவும் கிடையாது.

லைன்ல என்னதான் கோளாறு வரும்?

பழைய வீடுகள்ல பீங்கான் குழாய்களை சிமெண்ட் ஜாயின்ட் வெச்சுப் போட்டிருப்பாங்க. ஜாயின்ட்ல விரிசல் விட்டால் ஈரத்தைத் தேடி மர வேர் உள்ளே நுழையும். மண் இறங்கினால் குழாய் நடுவுல தொய்ஞ்சு, கழிவு அங்கேயே தேங்கும். இன்னொண்ணு, ரோடு போடப் போட வீடு தாழ்ந்துகிட்டே போகும். தெரு மேன்ஹோலைவிட உங்க பாத்ரூம் தளம் தாழ்வா இருந்தால், மெயின் லைன் நிரம்பும்போது தண்ணி உங்க வீட்டுக்குத்தான் வரும்.

எப்படிச் செக் பண்றது?

1. இணைப்பு இருக்கா? 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதுசா சேர்ந்த பல பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை பிறகுதான் வந்தது. குடிநீர் வாரியத்தோட வரி, இணைப்பு இல்லாத சொத்துக்கும் உண்டு. அதனால வரி ரசீதைப் பார்த்து ஏமாறாதீங்க. கழிவுநீர் இணைப்புக்கான அனுமதியைத் தனியா கேளுங்க. லைனை மழைநீர் வடிகால்ல விட்டிருந்தால் அது சட்டவிரோதம். துண்டிப்பும் அபராதமும் வீட்டோட சேர்ந்து உங்களுக்கு வரும்.

2. சேம்பர் மூடிகளைத் திறக்கச் சொல்லுங்க. எல்லா டாய்லெட்டையும் ஒரே நேரத்துல ஃபிளஷ் பண்ணி, குழாய்களைப் பத்து நிமிஷம் திறந்து விடுங்க. கடைசி சேம்பர்ல தண்ணி தடையில்லாமல் ஓடணும். ஓட்டம் மந்தமா இருந்தாலோ, சுவர்ல பழைய நீர்மட்டக் கறை தெரிஞ்சாலோ உஷார். மூடி மேல டைல்ஸ் போட்டு மறைச்சிருந்தாலும் காரணம் கேளுங்க.

3. கேமரா விட்டுப் பாருங்க. நீளமான கேபிள் முனையில சின்ன கேமராவைக் கட்டி குழாய்க்குள்ள அனுப்புவாங்க. விரிசல், வேர், தொய்வு எல்லாம் திரையில தெரியும். எத்தனை அடி தூரத்துல கோளாறுன்னும் சொல்லிடுவாங்க. செலவு பெரும்பாலும் ஆயிரங்கள்லதான் இருக்கும். 60 லட்சம் போடுற இடத்துல இது பெரிய தொகை இல்லை. வீடியோ பதிவை மறக்காமல் வாங்கிக்கோங்க.

4. செப்டிக் டேங்க் வீடா? டேங்க் எங்கே இருக்கு, லாரி குழாய் எட்டுமா, கடைசியா எப்போ எடுத்தாங்கன்னு கேளுங்க. 2-3 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கணும். போர்வெல் பக்கத்துல இருந்தால் தண்ணியையும் லேப்ல டெஸ்ட் பண்ணுங்க.

இது பணம் மட்டும் இல்லை

அடைப்பு வந்தால் "ஆளை இறக்கிச் சரி பண்ணிடலாம்"னு யாராவது சொல்வாங்க. செய்யவே கூடாது. உள்ளே தேங்குற விஷவாயு நொடியில உயிரை எடுத்துடும். 2013-ம் ஆண்டு சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்கினால் முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வெச்ச வீட்டுக்காரரும் இதுல மாட்டுவார். மெஷின்ல சுத்தம் பண்ண முடிகிற லைனா என்பதை வாங்கும் முன்னாடியே பார்க்கச் சொல்றது இதுக்காகவும்தான்.

கோளாறு இருந்தால் பேரம் பேசுங்க

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே முடிங்க. முடியலையா, "கழிவுநீர் லைன் ஆய்வில் பெரிய கோளாறு தெரிந்தால், விற்பவர் சரிசெய்ய வேண்டும் அல்லது முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்"னு அக்ரிமெண்ட்ல ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்க. கோளாறு தெரிஞ்சால் ரிப்பேர் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க.

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55 படி, தனக்குத் தெரிந்த, வாங்குறவர் சாதாரண கவனத்துல கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆகணும். ஆனால் "அவருக்குத் தெரியும்"னு பின்னாடி நிரூபிக்கிறது லேசு இல்லை. அதனால கேள்விகளை வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வைங்க.

பில்டர்கிட்ட புது ஃபிளாட் வாங்குறவங்களுக்கு ரெரா சட்டம் பிரிவு 14 கைகொடுக்கும். ஒப்படைச்ச தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறையைச் சொன்னால், 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணித் தரணும். தனிநபர்கிட்ட வாங்குற பழைய வீட்டுக்கு இந்த உத்தரவாதம் இல்லை.

ரீசேல் ஃபிளாட்டா இருந்தால் அசோசியேஷன்ல பேசுங்க. கீழ்த்தளத்துல அடைப்பு வருதா, கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் ஓடுதா, கார்பஸ் நிதியில எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. நிதி காலின்னா, அடுத்த பெரிய ரிப்பேருக்கு உங்க பாக்கெட்லயும் கை வைப்பாங்க.

இந்த வாரம் வீடு பார்க்கப் போறீங்கன்னா, ஹால், கிச்சன் பார்த்த கையோட "சேம்பர் எங்கே சார்?"னு ஒரு கேள்வி கேளுங்க. விற்கிறவர் தயங்காமல் மூடியைத் திறந்து காட்டினால் நல்லது. மழுப்பினால், அட்வான்ஸ் செக்கைப் பையிலேயே வெச்சுக்கோங்க.