அரை ஏக்கர் புல்லுக்கு டிராக்டர் தேவையா? வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை பிடித்துவிட்டால் புல்லுக்கும் நமக்கும் போட்டிதான். தோட்டத்திலிருந்து வெளியேறி நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் நிலத்தோடு வீடு வாங்கியவர்கள், பாலேக் பூலாவில் பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆலய வளாகத்தைப் பராமரிப்பவர்கள் என அனைவருக்கும் இதே பாடு.

“55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தில் உட்கார்ந்து ஓட்டும் புல் மெஷின் ஒன்று வாங்கிவிடலாமா தம்பி?” என்று எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கேட்டார். பல ஆண்டுகள் தோளில் மெஷினை மாட்டிப் புல் வெட்டியவர். இப்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஆசை நியாயமானதே. ஆனால், போட்ட பணம் திரும்பி வராது. ஆகவே கடைக்குப் போகும் முன் சில கணக்குகள்.

நிலம் எவ்வளவு?

கத்தி சுழலும் அடிப்பெட்டியை ‘டெக்’ என்பார்கள். 42 அங்குல டெக் கொண்ட வண்டி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை வெட்டும். தானே நகரும் 21 அங்குலத் தள்ளு மெஷினுக்கு அரை ஏக்கர் சமநிலம் ஒன்றேகால் மணி நேர வேலை. தாமான் வீட்டு முற்றத்துக்கு வண்டி வேண்டவே வேண்டாம். அரை ஏக்கர் வரை தள்ளு மெஷின் போதும். ஓர் ஏக்கரைத் தாண்டினால் வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த வண்டி?

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். புல்வெளி டிராக்டர் பெட்ரோலில் ஓடும். பெல்ட் வழியாகக் கத்தி சுழலும். புல் வெட்டுவதே அதன் வேலை. சிறு டிராக்டர் பெரும்பாலும் 18 முதல் 25 குதிரைத்திறன் டீசல் வண்டி. 54 அல்லது 60 அங்குல டெக் பொருத்தலாம். உரம், செம்பனைக் குலை ஏற்றிய சிறு டிரெய்லரையும் இழுக்கும். அந்த வேலைகள் இருந்தால்தான் அதன் விலைக்குப் பொருள் உண்டு.

பழைய ஜப்பான் டிராக்டரை மலிவாகப் பார்த்தால் அவசரப்பட வேண்டாம். உழும் கருவியோடு வரும் வண்டிக்கு நடுவில் மாட்டும் டெக் கிடைக்காமல் போகலாம். அந்த மாடலுக்குரிய டெக், பெல்ட், கத்தி ஆகியவை உள்ளூரில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வீட்டு கேட்டையும் அளந்து பாருங்கள். 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம்தான். புல்லைத் தள்ளும் பக்கவாயையும் சேர்த்தால் வண்டி அதைவிட அகலம்.

சரிவில் உயிர் முக்கியம்

உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்கு 15 பாகைச் சரிவே எல்லை என்று பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். அதாவது, பத்தடி தூரத்துக்கு நிலம் இரண்டரை அடிக்கு மேல் உயர்ந்தால் வண்டியை ஏற்றாதீர்கள். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கும் என்பதால் அந்த எல்லைக்குள்ளும் கவனம் தேவை. சிறு டிராக்டரில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் நிமிர்ந்திருக்க வேண்டும், இருக்கைப் பட்டையும் போட்டிருக்க வேண்டும். பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவது பாசம் அல்ல, ஆபத்து. டெக்கில் புல் அடைத்தால் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கத்தி நின்ற பிறகே கை வையுங்கள்.

மழை நாளில் வெட்டிய பின் டெக்கின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டிவிடுங்கள். விட்டுவைத்தால் தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். லாலான் இடுப்பளவு வளர்ந்த இடத்தைத் தோள் மெஷினால் குறைத்துவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும்.

அண்ணனின் நிலத்தை இருவரும் கயிறு பிடித்து அளந்தோம். அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பின்பக்கம் வாய்க்காலை நோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. தள்ளு மெஷின் ஒன்று வாங்கினார். சரிவை மாதம் ஒருமுறை கூலிக்கு ஆள் வைத்து வெட்டுகிறார். மீதிப் பணம் சேமநிதியிலேயே இருக்கிறது.