தரகருக்கும் தேர்வு தேவை

விற்றுக் கொடுத்தால் மட்டுமே தரகு. விற்காவிட்டால் ஒரு காசும் செலவில்லை. 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' எனப்படும் இணையத் தரகு முறையின் கவர்ச்சி இதுதான். வலைப்பதிவர், யூடியூபர், டெலிகிராம் குழு நடத்துபவர் எனப் பலரும் ஒரு நிறுவனத்தின் பொருளுக்கான இணைப்பைப் பகிர்கின்றனர். அதைச் சொடுக்கி வருபவர் பொருளை வாங்கினால், விற்பனைத் தொகையில் ஒரு பங்கு பகிர்ந்தவருக்குக் கிடைக்கிறது. அமேசான் 1996-இல் தொடங்கிய திட்டம் இம்முறையைப் பரவலாக்கியது. இன்று ஊறுகாயும் மரச்செக்கு எண்ணெயும் விற்கும் சிறு நிறுவனங்களும் இதை நாடுகின்றன.

ஆனால், இதில் இழப்புக்கே இடமில்லை என்று கருதுவது தவறு. வாடிக்கையாளரின் மனத்தில் வாங்கும் எண்ணத்தை விதைத்தவர் யார் என்பதைக் கணினி அறியாது. கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்பு யாருடையது என்பதை மட்டுமே அது அறியும். பெரும்பாலான திட்டங்களில் அந்தக் கடைசிச் சொடுக்குக்கே தரகு. எதை அளந்து ஊதியம் தருகிறோமோ, அதையே மனிதர்கள் பெருக்குவார்கள் என்பது பொருளியலின் பழைய பாடம்.

அமெரிக்காவின் இபே நிறுவனம் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அதன் தரகர்களில் முன்னணியில் இருந்த இருவர், தங்கள் பக்கங்களைப் பார்த்தோரின் கணினிகளில், அவர்கள் அறியாமலேயே இபேயின் 'குக்கீ' என்னும் அடையாளக் குறிப்பைப் பதித்தனர். பின்னர் அந்தப் பார்வையாளர்கள் தாமாகவே இபேயில் பொருள் வாங்கியபோதும் தரகு இவர்களுக்குச் சென்றது. 2008-இல் இபே வழக்குத் தொடுத்தது. 2014-இல் இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டத்தை மீறாமலும் இதே பலனைப் பெறலாம். வாங்க முடிவு செய்துவிட்டவர் கடைசி நிமிடத்தில் தள்ளுபடிக் கூப்பன் தேடும்போது குறுக்கே வரும் தளம், நிறுவனத்தின் பெயரையே கூகுளில் தேடுபவருக்கு விளம்பரம் காட்டும் தரகர் ஆகியோர் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவருவதில்லை. ரூ.1,000 விலையுள்ள பொருளில் ரூ.150 லாபம் நிற்கிறது என்று கொள்வோம். 10 சதவீதத் தரகு அதில் ரூ.100-ஐ விழுங்கிவிடும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவருக்காக லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழப்பது சிறு நிறுவனத்தால் தாங்கக்கூடியதன்று.

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. பொருளைப் பயன்படுத்திப் பார்த்து நேர்மையாக எழுதியவரின் தரகு, கடைசியில் நுழைந்தவருக்குப் போகிறது. அவர் சலித்து விலகுகிறார். தரத்தைப் பிரித்தறிய இயலாத சந்தையிலிருந்து நல்ல சரக்கு வெளியேறிவிடும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் விளக்கியது இங்கும் பொருந்துகிறது.

சட்டப் பொறுப்பையும் மறக்கலாகாது. 'இந்த எண்ணெய் நீரிழிவைக் குணமாக்கும்' என்று ஒரு தரகர் எழுதினால் கெடுவது நிறுவனத்தின் பெயரும்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

என்ன செய்யலாம்? விண்ணப்பிப்போர் அனைவரையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதியை முதலில் நிறுத்த வேண்டும். அவர்களுடைய பக்கங்களை நேரில் பார்த்து, வாசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். நிறுவனப் பெயரில் விளம்பரம் செய்யக் கூடாது, சொந்த இணைப்பில் தாமே வாங்கக் கூடாது, தரகு பெறுவதை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் ஆகிய நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பொருளைத் திருப்பியனுப்பும் கெடு முடிந்த பின்னரே தரகு தர வேண்டும். போலி ஆர்டர்களை இது வடிகட்டும். புதிய வாடிக்கையாளருக்குக் கூடுதல் தரகும் பழையவருக்குக் குறைந்த தரகும் தரலாம்.

ஐயத்துக்குரிய தரகரை ஒரு மாதம் நிறுத்தி வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. மொத்த விற்பனை குறையவில்லை என்றால், அவருக்கு இதுவரை தந்தது வீண் செலவே.

நூறு தரகர்களைச் சேர்த்துக் கண்காணிக்காமல் விடுவதைவிட, பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து மாதந்தோறும் கணக்குப் பார்ப்பது மேல். கடைக்கு ஆள் எடுக்கும்போது விசாரிக்கும் நாம், நம் பெயரால் ஆயிரக்கணக்கானோரிடம் பேசப்போகிறவரையும் விசாரிக்க வேண்டாமா?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).