தவறே நடக்காத மருத்துவமனை உண்டா?

"போன வருஷம் எங்களிடம் மருந்து மாறிக் கொடுத்த சம்பவம் ஒன்றுகூட இல்லை" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், நிம்மதி அடைவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டும்: அதை யார் எண்ணியது? முந்நூறு படுக்கை, மூன்று ஷிஃப்ட், ஒவ்வொரு நோயாளிக்கும் ஏழெட்டு மருந்து என்று ஓடுகிற இடத்தில் வருஷம் முழுக்க ஒரு தவறும் நடக்காமல் இருக்குமா? நடந்தது நோட்டில் ஏறவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

மருத்துவமனையில் சேரும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, வந்த நோயால் அல்லாமல் சிகிச்சையால் ஏதாவது ஒரு கெடுதல் நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பாதியாவது தவிர்க்கக் கூடியது. படுக்கைப்புண், வழுக்கி விழுதல், ஊசி போட்ட இடத்தில் சீழ், அளவு தவறிய இன்சுலின் என்று எல்லாம் இதில் சேரும்.

ஊழியர்கள் எழுதியது நான்கு, கேஸ் ஷீட் சொன்னது 354

தவறுகளை எண்ணப் பல மருத்துவமனைகளில் இருக்கும் வழி, நடந்ததை ஊழியர்களே படிவத்தில் எழுதித் தருவது. எழுதினால் மெமோ வரும் என்று தெரிந்த நர்ஸ் எதற்கு எழுதுவார்?

இன்னொரு வழி, பழைய கேஸ் ஷீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துத் தடயம் தேடுவது. நோயாளிக்கு மார்ஃபினை முறிக்கும் நாலொக்சோன் கொடுத்திருந்தால், முன்பு மார்ஃபின் வகை மருந்து அளவு மீறிப் போயிருக்கலாம். ஆபரேஷன் முடிந்தவரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும். இப்படி அமெரிக்காவின் மூன்று மருத்துவமனைகளில் 795 கேஸ் ஷீட்டுகளைத் துருவிய ஆய்வு 2011-இல் வெளியானது. தடயம் தேடும் முறையில் அகப்பட்ட பாதிப்புகள் 354. அதே நோயாளிகள் பற்றி ஊழியர்கள் தாமாக எழுதித் தந்தவை நான்கு. ஆகவே ஒரு மருத்துவமனையில் சம்பவப் படிவங்கள் திடீரென்று கூடினால் நான் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்வேன். அங்கே யாரோ பயமில்லாமல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஐந்து வரிச் சீட்டு

எண்ணினால் குறைக்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி, ஐசியுவில் கழுத்திலோ காரை எலும்புக்குக் கீழோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் செருகும் 'சென்ட்ரல் லைன்' என்ற டியூப். கிருமி அதன் வழியே நேராக ரத்தத்துக்குள் இறங்கிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஐசியு டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் 2001-இல் ஐந்தே வரியில் ஒரு சீட்டு எழுதினார். கை கழுவு. குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தோலைத் துடை. நோயாளியின் உடல் முழுக்கக் கிருமி நீக்கிய துணி போர்த்து, நீயும் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போடு. தொடை இடுக்கில் லைன் போடுவதைக் கூடியவரை தவிர். தேவை முடிந்ததும் எடுத்துவிடு.

இதில் எந்த டாக்டருக்கும் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் நர்ஸ்களை ஒரு மாதம் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகள் விஷயத்தில் ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தது தெரிந்தது. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். படி விடுபட்டால் டாக்டரையே நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸ்களுக்கு நிர்வாகத்திடம் வாங்கிக் கொடுத்தார். நம் ஊர் வார்டில் "சார், கை கழுவவில்லை" என்று ஒரு இளம் நர்ஸ் சீஃப் டாக்டரிடம் சொல்வதை நினைத்துப் பாருங்கள்; எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்கள் இதில் சேர்ந்தன. அங்கே எண்ணிய முறையைக் கவனிக்க வேண்டும். வெறுமனே 'இத்தனை தொற்று' என்றால் பெரிய மருத்துவமனைதான் எப்போதும் மோசமாகத் தெரியும். அதனால் லைன் இருந்த நாட்களைக் கூட்டி, ஆயிரம் நாளுக்கு எத்தனை தொற்று என்று கணக்கிட்டார்கள். பத்துப் பேருக்கு ஐந்து நாள் லைன் இருந்தால் ஐம்பது லைன் நாள். தொடக்கத்தில் வரிசையின் நடுவில் நின்ற ஐசியுவின் கணக்கு ஆயிரத்துக்கு 2.7. மூன்று மாதத்தில் அது பூஜ்யம். பதினெட்டு மாதத்துக்குப் பிறகும் பூஜ்யம். பாதிக்குக் குறையாத ஐசியுக்களில் அந்தக் காலாண்டுகளில் தொற்றே பதிவாகவில்லை. இந்தப் பூஜ்யத்தை நம்பலாம், ஏனென்றால் நாள்தோறும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சீட்டு மட்டும் போதாது. பல ஐசியுக்களில் குளோர்ஹெக்சிடினே இருப்பில் இல்லை. நிர்வாக அதிகாரிகள் வார்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் வாங்கிப் போட்டார்கள்.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

இங்கிலாந்து 2009-இல் இதே வழியில் இறங்கியது. தொற்று குறையத்தான் செய்தது. ஆனால் ஆய்வாளர்கள் ஐசியுக்களுக்குள் போய்ப் பார்த்தபோது, ஒரே விதிப்படி எல்லோரும் எண்ணவில்லை என்று தெரிந்தது. ஓரிடத்தில் காய்ச்சல் வந்த உடனே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள், மற்றோரிடத்தில் பலத்த சந்தேகம் வந்தால்தான். சோதிக்காத இடத்தில் தொற்று எப்படிப் பதிவாகும்? இந்த எண்களை வைத்து மருத்துவமனைகளுக்கு ரேங்க் போட்டால் நேர்மையாக எண்ணியவருக்குத்தான் தண்டனை.

ஆபரேஷன் தியேட்டரில் டிக் எண்ணிக்கையும் இப்படி ஏமாற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பரிசோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் முடிவு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், அந்தப் பட்டியலை எந்த அளவு பின்பற்றுகிறோம் என்று மருத்துவமனைகள் வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை. ஆணை போட்டால் டிக் அடிப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு நிமிஷம் நின்று ஒருவரோடொருவர் பேசுவார்கள் என்று என்ன நிச்சயம்?

அட்டெண்டராக இருப்பவர் செய்யக் கூடியது

"இந்த லைன் இன்னும் தேவையா? யூரின் டியூபை எப்போது எடுப்பீர்கள்?" என்று தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசி போடுமுன் நோயாளியின் பெயரைக் கேட்கிறார்களா, கேஸ் ஷீட்டில் அலர்ஜி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சாப்பிட்டு வந்த மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் அன்று, எந்தப் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரே மருந்தை இரண்டு பிராண்ட் பெயரில் விழுங்கும் கூத்து பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் நோயாளியே புகார் பதியலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. மருந்தின் பெயர், சாப்பிட்ட தேதி, என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால் போதும்.