பெல்ட்டில் ஓடும் தச்சன்

இரப்பர் பெல்ட்டை வைத்து மரத்தைச் செதுக்க முடியுமா? வானொலியில் பேச்சுவாக்கில் நான் இதைச் சொன்ன நாளிலிருந்து நேயர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். முடியும். எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் மூலையில், சாப்பாட்டு மேசை அளவுள்ள ஒரு சி.என்.சி. ரவுட்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இரண்டு அச்சுகளை இழுப்பது, விரல் அகலம்கூட இல்லாத பல் வைத்த பெல்ட்தான்.

சி.என்.சி. என்பது கணினி தரும் எண்களின்படி வெட்டும் இயந்திரம். "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இந்த வேகத்தில் போ" என்ற வரிகளைப் படித்து, சுழலும் பிட்டை அது நகர்த்துகிறது. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இத்தகைய இயந்திரத்தை முதன்முதலில் இயக்கிக் காட்டியபோது, அந்தக் கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. பல ஆண்டுகள் அது தொழிற்சாலைச் சொத்தாகவே இருந்தது. 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமன் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட், 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற இலவச மென்பொருளை எழுதினார். உள்ளங்கை அளவுள்ள ஆர்டுயினோ பலகையே இயந்திரத்தின் மூளையாகிவிட்டது. 2011-இல் எட்வர்ட் ஃபோர்டு 'ஷேப்ஓக்கோ' இயந்திரத்தின் வரைபடங்களைப் பொதுவில் வைத்தார். அதுவும் பெல்ட்டில் ஓடியதுதான். வீட்டுக் கொட்டகைகளுக்குள் சி.என்.சி. நுழைவது இவற்றால் எளிதானது.

கொம்பு இடம் மாறிய கதை

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு பெயர்ப் பலகை. பெற்றோரின் வீட்டுக்கு 'கோகுலம்' என்று மரத்தில் வெட்டித் தரும்படி ஒரு கடையில் கொடுத்திருந்தோம். வந்த பலகையில், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நின்றது. "தமிழ் எழுத்து மெஷினுக்கு ஒத்துவராது" என்றார் கடைக்காரர். அம்மா ஒன்றும் சொல்லாமல் பலகையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

இயந்திரத்துக்கு மொழியே தெரியாது. அது பார்ப்பது கோடுகளை மட்டும். பல வெட்டு மென்பொருள்களுக்குத் தமிழின் கொம்பையும் துணைக்காலையும் உரிய இடத்தில் சேர்க்கத் தெரிவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. 'இங்க்ஸ்கேப்' போன்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வெறும் கோடாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால் போதும். கொம்பு நகராது.

பெல்ட்டா, திருகா?

என் தாய்மாமா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுகள் சி.என்.சி. ஓட்டியவர். பெல்ட்டைப் பார்த்ததும், "ஏன் மாப்பிள்ளை, இது தையல் மெஷின் வார் மாதிரி இருக்கே?" என்று சிரித்தார். அவர் பழகிய இயந்திரங்களில் தடித்த திருகு தண்டுகள்தான் அச்சுகளை நகர்த்தும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவரும் ஒப்புக்கொண்டார். பரவலாகக் கிடைக்கும் பெல்ட்டில் 2 மி.மீ.க்கு ஒரு பல். 20 பல் உள்ள புல்லி ஒரு சுற்றுச் சுற்றினால் 40 மி.மீ. நகரும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஒவ்வோர் அடியையும் டிரைவர் 16 பங்காகப் பிரித்தால் 3,200. அதாவது ஒரு மி.மீ.க்கு 80 அடிகள். மரத்துக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

மலிவான 8 மி.மீ. திருகு தண்டோ, பரவலான வகையில், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. மட்டுமே நகர்த்தும். அதனால் தள்ளும் பலம் அதிகம், வேகம் குறைவு. ஒரு மீட்டர் நீளத்தில் வேகமாகச் சுற்றினால், மெல்லிய தண்டு சாட்டைபோல ஆடவும் செய்யும். பெல்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நீளம் வேண்டுமா, இன்னும் ஒரு மீட்டர் பெல்ட் வாங்கிக்கொள்ளலாம்.

பெல்ட்டின் பலவீனம், அது நெகிழும். இரு முனைகளிலும் கட்டிய கொடிக்கயிற்றை நடுவில் இழுத்தால்தான் அதிகம் வளையும். அதைப்போல, தண்டவாளத்தின் இரு முனைகளிலும் இறுக்கிய பெல்ட்டும் மேசையின் நடுப்பகுதியில்தான் அதிகம் விட்டுக்கொடுக்கும். 6 மி.மீ. அகலத்துக்குப் பதில் 9 மி.மீ. பெல்ட் போட்டால் அது குறையும். அளவுக்கு மீறி இறுக்கினால் மோட்டாரின் பேரிங் தேய்ந்துவிடும்.

மேலும் கீழுமாகப் போகும் அச்சில் மட்டும் நான் திருகு தண்டே வைத்திருக்கிறேன். அங்கே பெல்ட் இருந்தால், மின்சாரம் நின்றதும் கனமான ரவுட்டர் தானாகக் கீழே இறங்கி, சுழலும் பிட்டோடு மரத்தில் குத்தும்.

வட்டம் பொய் சொல்லாது

இயந்திரம் நிமிர்ந்து நின்றதும் மாமா கேட்டது பெயர்ப் பலகையை அல்ல. "முதல்ல ஒரு வட்டம் வெட்டு" என்றார்.

வட்டம் போடும்போது ஒவ்வோர் அச்சும் இரண்டு இடங்களில் திசை மாறும். கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்கள் அவை. பெல்ட் தளர்ந்திருந்தாலும் புல்லியின் சிறு திருகு நழுவினாலும் அங்கே ஒரு சிறு படி தெரியும். இரு அச்சுகளின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் வட்டம் முட்டையாகும்.

தமிழ் எழுத்து கடினமான தேர்வாவது இதனால்தான். ஆங்கிலத்தின் 'எச்', 'டி' எல்லாம் நேர்க்கோடுகள். நம் 'ண', 'ஐ', 'ழ' ஆகியவற்றில் சுழியும் வளைவும் அதிகம். வளைவு தோறும் அச்சு திசை மாறும். பெல்ட்டின் ஒவ்வொரு தளர்ச்சியும் எழுத்தில் தெரியும்.

மாமா இரண்டு பெல்ட்டையும் விரலால் மீட்டி, ஒரே ஒலி வரும்வரை இறுக்கினார். பிறகு வேகத்தைச் சொல்லித் தந்தார். நிமிடத்துக்கு 12,000 சுற்று, இரண்டு வெட்டு விளிம்புள்ள பிட், ஒவ்வொரு விளிம்பும் 0.05 மி.மீ. சீவ வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 1,200 மி.மீ. வேகத்தில் நகர்த்த வேண்டும். மெதுவாகப் போனால் நல்லது என்று நினைப்போம். ஆனால் மிக மெதுவாகப் போனால் பிட் மரத்தைச் சீவாமல் தேய்க்கும். சூடாகி, மரம் கருகும். ஆழத்தில்தான் அடக்கம் வேண்டும். ஒரு தடவைக்கு 1 மி.மீ., ஆறு தடவையில் 6 மி.மீ. நெகிழும் பெல்ட் நேர்த்தியாக வெட்டுவதற்கான வழி அதுவே.

இந்தக் கணக்கெல்லாம் அவர் தாளில் எழுதிப் போட்டதல்ல, வாயிலேயே வந்தது. எங்கள் குடும்பத்தில் மாமாவின் வேலை, 'ஃபேக்டரி வேலை' என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகும். "நல்லாப் படி, இல்லாட்டி மாமா மாதிரி ஃபேக்டரிக்குத்தான் போகணும்" என்று அவர் முன்னாலேயே பிள்ளைகளை மிரட்டியவர்கள் உண்டு. அன்று அவர் அக்காள் பேரன், பள்ளிச் சீருடையோடு நின்று, "தாத்தா, இந்தச் சத்தம் ஏன் மாறுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாமா பதில் சொன்ன விதத்தை ஒரு நல்ல ஆசிரியரிடம்தான் கேட்க முடியும்.

செய்ய நினைப்பவர்களுக்கு

அலுமினியச் சட்டம், நான்கு மோட்டார், டிரைவர்கள், மின்வழங்கி, சிறிய கை ரவுட்டர் எல்லாம் சேர்ந்து எனக்கு ஏறத்தாழ 1,900 ரிங்கிட் ஆனது. மின்னணுப் பாகங்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளைச் சுற்றலாம். சிங்கப்பூரில் சிம் லிம் டவர் இருக்கிறது.

அவசர நிறுத்தப் பொத்தான், மோட்டார்களோடு ரவுட்டரையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தூள் உறிஞ்சி வாங்கிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். அந்தத் தூள் புல்லியின் பற்களில் இறுகினால் பெல்ட் பல் தாவும் என்பதும் உண்டு. இயந்திரம் ஓடும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள். மழுங்கிய பிட் தீயைக்கூட மூட்டும். ரவுட்டரின் சத்தம் மிக்சியை மிஞ்சும். வரிசை வீட்டில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரிடம் நேரம் பேசிக்கொள்வது நல்லது. அடுக்குமாடி வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

இரும்பு வெட்டவோ, நாள் முழுக்க ஓட்டிச் சம்பாதிக்கவோ நினைத்தால் பெல்ட் இயந்திரம் வேண்டாம். பெயர்ப் பலகை, பிளைவுட் அலமாரி, பிள்ளைகளின் பொம்மை, கொலு படி போன்றவற்றுக்கு இது போதும்.

பாகங்கள் வாங்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். பினாங்கிலோ ஜொகூரிலோ கிள்ளானிலோ இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற மாமாவோ சித்தப்பாவோ நம் குடும்பங்களில் கட்டாயம் ஒருவர் இருப்பார். தீபாவளிக்குப் பார்க்கும்போது நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன இயந்திரம் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.