ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்: பைலட் பயிற்சியில மூளையை எதுக்கு அளக்கறாங்க?

போன எபிசோட்ல ஆட்டோபைலட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தோம். இன்னைக்கு அதைக் கையாள்ற மனுஷனோட தலைக்குள்ள போகலாம்.

முதல்ல ஒரு விபத்து. 1972 டிசம்பர் 29 ராத்திரி, நியூயார்க்ல இருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கிச்சான்னு காட்டற பல்பு எரியலை. விமானத்தை 2,000 அடியில ஆட்டோபைலட்ல விட்டுட்டு, காக்பிட்ல எல்லாரும் அந்த பல்பைப் பத்தியே யோசிச்சிட்டிருந்தாங்க. நடுவுல ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிச்சு வைக்கறதை விட்டுடுச்சு. விமானம் மெதுவா இறங்க ஆரம்பிச்சது. உயரம் மாறுதுன்னு எச்சரிக்கிற மணி அடிச்சது, குரல் பதிவுப் பெட்டியில அது இருக்கு. ஆனா அதுக்கு யாரும் பதில் கொடுத்த மாதிரியே தெரியலை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல விழுந்து 101 பேர் இறந்தாங்க. சக்கரம் சரியாத்தான் இறங்கியிருந்தது. பழுதானது பல்பு மட்டும்.

யாருக்கும் காது கேட்காம இல்லை. ஒரு வேலையிலேயே கவனம் மொத்தமும் போயிட்டா, காதுல விழற சத்தம் மனசுக்கு எட்டறதில்லை. பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துல இருக்கிற ஐசே-சுப்ஏரோ விமானவியல் கல்லூரியில ஃப்ரெடரிக் டெஹே குழு இதைப் பல வருஷமா ஆராயறாங்க. சிமுலேட்டர்ல பைலட்டுகளுக்குக் கஷ்டமான லேண்டிங் கொடுத்து, நடுவுல எச்சரிக்கை ஒலியை விட்டாங்க. அனுபவம் உள்ளவங்களே சிலர் அதைத் தவறவிட்டாங்க. கேட்ட ஒலிக்கும் தவறவிட்ட ஒலிக்கும் மூளை காட்டற அலை வேற வேறயா இருக்குங்கறதுதான் இதுல முக்கியமான விஷயம். அப்படின்னா அதை அளக்க முடியும்.

இது பயிற்சிக்கு எங்க உதவும்? சிமுலேட்டர்ல ரெண்டு மாணவர்கள். ரெண்டு பேரும் ஒரே மாதிரி லேண்ட் பண்ணி, ஒரே மார்க் வாங்கறாங்க. ஒருத்தருக்கு மூளையில பாதி இடம் இன்னும் காலியா இருக்கு. இன்னொருத்தர் மொத்தத்தையும் செலவழிச்சுத்தான் அந்த லேண்டிங்கை முடிச்சார். நம்ம சர்வர் பாஷையில சொன்னா, ரெண்டும் ஒரே வேகத்துல பதில் அனுப்புது, ஆனா ஒண்ணு 40 சதவீத சிபியூல, இன்னொண்ணு 95ல. டாஷ்போர்டு இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுதான். ட்ராஃபிக் கொஞ்சம் ஏறும்போதுதான் எது விழும்னு தெரியும். பைலட்டுக்கு அந்த ட்ராஃபிக் ஒரு எரியாத பல்பா வரலாம்.

சர்வதேச சிவில் விமான அமைப்பு 2013ல வெளியிட்ட 9995ஆம் எண் கையேட்டுல, பைலட்டுக்கு வேண்டிய திறமைகள்ல வேலைச்சுமையைச் சமாளிக்கறதும் ஒண்ணு. பயிற்சியாளர் அதை வெளியில தெரியற நடத்தையை வெச்சு மதிப்பிடணும். இல்லேன்னா மாணவரையே கேட்கலாம். நாசா-டிஎல்எக்ஸ்னு ஒரு படிவம் இருக்கு, ஆறு கேள்வி, எவ்வளவு சிரமமா இருந்ததுன்னு நீங்களே மார்க் போடணும். ஆனா லைசென்ஸுக்குப் பணத்தைக் கொட்டிட்டு உட்கார்ந்திருக்கிற பையன் "ரொம்பக் கஷ்டமா இருந்தது சார்"னு எழுதுவானா?

அங்கதான் சென்சார் வருது. ரெண்டு வகை. இஇஜி, தலைத்தோல்ல மின்முனை ஒட்டி மின்னலைகளைப் பிடிக்கறது. மில்லிசெகண்ட் கணக்குல மாற்றம் தெரியும். ஆனா கண்ணை இமைச்சாலே மூளையோட சிக்னலை விடப் பெரிய சிக்னல் வந்து மூடிடும். இன்னொண்ணு எஃப்நிர்ஸ். நெத்தியில அகச்சிவப்பு ஒளியை விட்டு, திரும்பி வர்ற ஒளியை வெச்சு ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு மாறுதுன்னு பார்க்கறது. அசைவை ஓரளவு தாங்கும், ஆனா ரத்த ஓட்டம் மாறவே சில செகண்ட் ஆகும். அதனால நிறைய பேர் ரெண்டையும் சேர்த்தே மாட்டறாங்க.

ஃபிலடெல்ஃபியாவுல ட்ரெக்செல் பல்கலைக்கழகத்துல ஹசன் அயாஸும் குழுவும் 2012ல வெளியிட்ட ஆய்வுல, ஆளில்லா விமானம் ஓட்டக் கத்துக்கிட்ட புதுசுங்களோட நெத்திப் பகுதி மூளை, பழகப் பழகக் குறைவா உழைக்குதுன்னு எஃப்நிர்ஸ் காட்டிச்சு. வேலை கைக்கு வந்துட்டா மூளை அலட்டிக்காது.

இங்க ஒரு பொறி இருக்கு. செயல்பாடு குறைஞ்சா "கத்துக்கிட்டான்"னு எழுதிடக் கூடாது. துலூஸ் குழுவே 2014ல காட்டின விஷயம் இது: வேலை அளவுக்கு மீறிக் கஷ்டமானா நெத்திப் பகுதி செயல்பாடு ஏறாம இறங்குது. கிட்டத்தட்ட கைவிட்ட நிலை. நிபுணருக்கும் தோத்துப்போனவருக்கும் ஒரே கோடு! அதனால ஓட்டின விதத்தையும் பக்கத்துல வெச்சுத்தான் படிக்கணும்.

2016ல "மேட்ரிக்ஸ் படம் மாதிரி மூளைக்குள்ள பைலட் திறமையை ஏத்தறாங்க"ன்னு ஒரு செய்தி சுத்தினது ஞாபகம் இருக்கா? கலிஃபோர்னியாவுல எச்ஆர்எல் ஆய்வகம் பண்ணினது. 32 பேர், நாலு நாள் பயிற்சி, தலையில மெல்லிய மின்சாரம், கூடவே இஇஜியும் எஃப்நிர்ஸும். கட்டுரையைப் படிச்சா, முக்கியமா தெரிஞ்சது ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் குறைஞ்சதுதான். சுவாரசியமான முடிவு, ஆனா தலைப்புச் செய்தியில வந்தது அது இல்லை.

என்னைக் கேட்டா, இதுக்கு சரியான இடம் பயிற்சி மட்டும்தான். சுமை குறைவா இருக்கிற மாணவருக்குப் பக்கக்காத்து, எஞ்சின் கோளாறுன்னு ஏத்தலாம். முட்டி நிக்கிறவருக்கு அதே லேண்டிங்கை இன்னும் பத்து தடவை கொடுக்கலாம். லைசென்ஸ் பரிட்சையில வேண்டாம். ஆளுக்கு ஆள் அலை மாறும், ராத்திரி சரியாத் தூங்கலேன்னாலும் மாறும். அதைவிட, இந்த நம்பர் தன்னை வெளியே அனுப்பும்னு பயம் வந்தா, மாணவர் சிமுலேட்டரை விட்டுட்டு சென்சாரைச் சமாளிக்கத்தான் பழகுவார். நான் அந்தத் தொப்பியை மாட்டிக்கறதா இருந்தா, முதல்ல கேட்கிற கேள்வி இதுதான்: செஷன் முடிஞ்சதும் அந்த ஃபைல் யார்கிட்ட இருக்கும், எப்ப அழிப்பீங்க?