அதே சிங்கம், அதே ட்யூன்... எதுக்கு மறுபடி ரெக்கார்டிங்?

1994-ல் வந்த 'லயன் கிங்' அனிமேஷன் படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர் ஹான்ஸ் ஜிம்மர். 2019 ரீமேக்கில் அந்தப் பழைய ரெக்கார்டிங்கையே ஓட்டியிருக்கலாமே? முடியாது பாஸ்! பின்னணி இசை ஆம்பூர் லெதர் ஷூ மாதிரி. கால் வளர்ந்துட்டா பழைய சைஸ் நுழையாது. முதல் படம் 88 நிமிடம், ரீமேக் 118. காட்சிகளின் நீளமே வேற.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கார்ட்டூன் சிம்பா முகத்திலேயே அழுதுடும். நிஜ சிங்கம் போலவே இருக்கும் புது சிம்பாவால அது முடியாது, அந்த அழுகையை ஆர்க்கெஸ்ட்ராதான் அழணும். முக்கியமா, முஃபாசா இறக்கும் காட்சியில். ஆறு வயதில் அப்பாவை இழந்த ஜிம்மர், தன் அப்பாவை நினைத்துப் போட்ட இசை அது. 2019-ல் எல்லாத்தையும் புதுசா வாசிச்சாங்க, ஆனா அந்த மெட்டு மட்டும் மாறவே இல்லை.