வேலையை விட்டா மெடிக்கல் இன்சூரன்ஸும் போயிடுமா? நோட்டீஸ் பீரியடிலேயே கேட்க வேண்டியது என்ன?

ராஜினாமா கடிதம் கொடுத்தாச்சு, புது கம்பெனியில் சேர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இல்லைன்னா ஆட்குறைப்புன்னு திடீர்னு ஒரு மெயில், அடுத்த வேலை எப்போ கிடைக்கும்னே தெரியல. வீட்டுச் செலவை சேமிப்பை வச்சு ஓட்டிடலாம். ஆனா இந்த இடைவெளியில் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால்? சுகர், பிபி இருக்கும் அப்பா, அம்மாவை கம்பெனி பாலிசியில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, நின்றுபோகும் சம்பளத்தை விட இந்தக் கவலைதான் பெரிது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் வேலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கவர் எந்த நாளோடு முடிகிறது?

கம்பெனி எடுத்துக் கொடுப்பது குரூப் பாலிசி. அதில் பாலிசிதாரர் நிறுவனம்தான், நீங்கள் வெறும் உறுப்பினர். பெரும்பாலான இடங்களில் கடைசி வேலை நாளோடு உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். உங்கள் பெயர் போனால் மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லாருடைய பெயரும் சேர்ந்தே போகும்.

"பாலிசி மார்ச் 31 வரைக்கும் இருக்கே, அதுவரைக்கும் ஓடும்"னு பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேதி கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலானது. உங்கள் மொபைலில் இருக்கும் இ-கார்டிலும் அந்தத் தேதிதான் இருக்கும், பார்ப்பதற்கு செல்லுபடியாகும் கார்டு மாதிரியே தெரியும். ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் அனுமதி கேட்கும்போதுதான் பெயர் இல்லை என்பது தெரியவரும். அதனால் கவர் முடியும் தேதி என்ன என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக் கொள்ளுங்கள்.

ஆட்குறைப்பில் வெளியே வருபவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம். சில நிறுவனங்கள் இழப்பீட்டோடு சேர்த்து சில மாதங்களுக்கு மருத்துவச் செலவையும் ஏற்கின்றன. 2022 நவம்பரில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கிய மெட்டா, அமெரிக்க ஊழியர்களுக்கும் குடும்பத்தினருக்கும் 6 மாத மருத்துவச் செலவை ஏற்பதாக அறிவித்தது. இங்கே கம்பெனிகளுக்கு அது கட்டாயம் இல்லை. ஆனாலும் செட்டில்மென்ட் பேசும் நேரத்தில் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

புதுசா ஒரு பாலிசி எடுத்துட்டா போதாதா?

இங்கேதான் சிக்கல். தனியாக எடுக்கும் பாலிசிக்கு காத்திருப்புக் காலம் உண்டு. விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்கு பொதுவாக முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருக்க வேண்டும். கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று சிகிச்சை போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்பு. பிரசவச் செலவு பல பாலிசிகளில் கிடையாது, இருந்தாலும் அதற்கும் மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கம்பெனி பாலிசியில் இவற்றில் பெரும்பாலானவை முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்கும். அதனால்தான் அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. புது பாலிசி எடுத்தால் 62 வயது அம்மாவின் சுகருக்கு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

மைக்ரேஷன் என்றால் என்ன?

குரூப் பாலிசியை விட்டு வெளியேறும் உறுப்பினர், அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்ப பாலிசிக்கோ மாற வாய்ப்பு தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதி. இதற்குப் பெயர்தான் மைக்ரேஷன். கம்பெனி பாலிசியில் இருந்த காலம் புது பாலிசியின் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும்.

உதாரணத்துக்கு, குரூப் பாலிசியில் நீங்கள் தொடர்ச்சியாக 2 வருடம் இருந்திருக்கிறீர்கள். மாறும் பாலிசியில் பழைய நோய்களுக்கு 36 மாதக் காத்திருப்பு. அதில் 24 மாதம் முடிந்ததாகக் கணக்கு, மீதி 12 மாதம்தான். 3 வருடம் இருந்திருந்தால் காத்திருப்பே இல்லை. ஒரு நிபந்தனை, இந்தச் சலுகை பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும்தான். கம்பெனி கொடுத்தது 5 லட்சம், நீங்கள் இப்போது எடுப்பது 10 லட்சம் என்றால், கூடுதலான 5 லட்சத்துக்கு காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இதை "கேட்டால் உடனே கிடைத்துவிடும்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல்நிலை, வயதைப் பார்த்து ஏற்பதா, எவ்வளவு பிரீமியம் என்பதை நிறுவனம் முடிவு செய்யும், மருத்துவப் பரிசோதனையும் கேட்கலாம். அதற்கெல்லாம் நாள் ஆகும் என்பதால்தான் நோட்டீஸ் பீரியட் தொடங்கிய வாரத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்கிறோம். பிரீமியம் ஏறும் என்ற பயத்தில் சுகர், பிபியை மறைப்பது பெரிய தப்பு. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடும் வரை, தகவலை மறைத்தார் என்று கிளெய்மை நிராகரிக்க நிறுவனத்துக்கு வழி உண்டு. மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் நிராகரிக்கலாம்.

வேறு நிறுவனம்தான் பிடித்திருக்கிறது என்றால்? முதலில் அதே நிறுவனத்தில் மாறி, பிறகு புதுப்பிக்கும்போது போர்ட் செய்யலாம். அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்கு குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

யாருக்கு மெயில் போடணும்?

பலர் தவறுவது இதில்தான். கார்டில் இருக்கும் டி.பி.ஏ. நம்பருக்கு போன் செய்து கேட்டுவிட்டு, "பதிலே இல்லை"ன்னு விட்டுவிடுகிறார்கள். டி.பி.ஏ.-வின் வேலை கிளெய்மைக் கையாள்வது, பாலிசி கொடுப்பது அல்ல. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே நேரடியாக எழுத வேண்டும். பாலிசி எண், உறுப்பினர் எண், பாலிசியில் சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், யார் யாருக்கு கவர் வேண்டும் என்ற விவரம் போதும். எந்தத் தேதியிலிருந்து கவரில் இருந்தீர்கள் என்பதற்கான சான்றை ஹெச்.ஆரிடம் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். ஆபீஸ் மெயில் ஐடி கடைசி நாளில் மூடப்பட்டுவிடும் என்பதால் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு வரவைப்பது நல்லது.

பிரீமியத்தைப் பார்த்ததும் தலை சுற்றலாம், இத்தனை நாள் கம்பெனி கட்டிய பணம் அது. ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. மாதத் தவணையில் கட்டும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். தவணை தவறினால் மாதத் தவணைக்கு 15 நாளும், மற்றவற்றுக்கு 30 நாளும் அவகாசம் உண்டு.

இ.எஸ்.ஐ.-யில் இருப்பவர்களுக்கு?

மாதச் சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை உள்ள இ.எஸ்.ஐ. ஊழியர்களுக்கு கணக்கு வேறு. வேலை போன மறுநாளே கார்டு செல்லாததாகிவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் குறைந்தது 78 நாளுக்கு சந்தா கட்டப்பட்டிருந்தால், அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பேஸ்லிப்பில் பிடித்தம் செய்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்த்துக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் தேவைப்படும்.

மைக்ரேஷன் கேட்டும் நிறுவனம் பதில் தரவில்லை என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற இலவச எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.